ஒரே நிரல், பல திரைகள்

கணினித் திரையிலே ஒரு பொத்தானை அமைப்பது சிறு காரியந்தானே என்று நேயர்கள் எண்ணக்கூடும். விண்டோஸ், மக்கின்ரொஷ், லினக்ஸ் ஆகியவை ஒவ்வொன்றும் அதனைத் தத்தமக்குரிய முறையில் அமைக்கின்றன. ஆகவே, மூன்றிலும் இயங்கும் நிரலை ஆக்க விழைவோர் திரைப்பகுதியை மும்முறை எழுத நேர்கின்றது.

இவ்விடரைக் களைய 1992ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்திலே ஜூலியன் ஸ்மார்ட் என்பார் இடையே ஒரு பொது அடுக்கை அமைத்தார். நிரல் பொத்தான் கேட்டால், துபாஷியைப் போல் நின்று, அவ்வக் கணினியின் சொந்தப் பொத்தானையே அது பெற்றுத் தரும். இன்று அதன் பெயர் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ். (பெயர்தான் நாவுக்கு அடங்குவதாயில்லை!)

1996இல் வெளிவந்த ஜாவாவும் முதலில் இவ்வழியே சென்றது. ஆயின், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான சில உறுப்புகளையே அது ஏற்றமையால், விவரங்களைக் கட்டங் கட்டமாய்க் காட்டும் அட்டவணைதானும் அதில் இல்லை. 1998இல் ஜாவாவுடன் இணைந்த ஸ்விங் என்னும் தொகுதி, உறுப்புகளைத் தானே வரைந்து இக்குறையைத் தீர்த்தது.

எங்கும் ஒரே தோற்றம், நன்றுதான். ஆனால் பழகிய கை என்ன செய்யும்? "சரி" என்னும் பொத்தான் விண்டோஸில் "வேண்டாம்" என்பதற்கு இடப்புறம் இருக்கும், மக்கின்ரொஷில் வலப்புறம். ஒரே வரிசையை எங்கும் திணித்தால், அழியக்கூடாத கடிதம் ஒரு நொடியில் அழிந்துவிடும். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸிலோ, எழுதுபவர் கேட்டால், இவ்விரண்டையும் அவ்வக் கணினியின் வழக்கப்படி மாற்றி வைக்கும் வசதி உண்டு. எழுதுபவருக்கு வேலை சற்றுக் கூடினும் நாம் விரும்புவது இதனையே.