நிஜச் சண்டை என்று டிக்கெட் விற்றார்கள்!

ஊரையே சண்டைக்கு இழுத்த ஒரு மல்யுத்தக் கம்பெனி, ஒரே ஒரு நிஜச் சண்டையில் மானத்தை இழந்தது. நடந்தது ஜப்பானில். கம்பெனியின் பெயர் யு. டபிள்யு. எப். இன்டர்நேஷனல். 1991-ம் ஆண்டு மே மாதம் தொடங்கியது; 1996 டிசம்பரில் மூடப்பட்டது.

காசு வாங்கிக்கொண்டு நடத்தும் மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி முடிவாகிவிடும். கயிற்றில் தூக்கி எறிந்தால் எதிராளி பந்து போலத் திரும்பி வருவார். இந்தக் கம்பெனியின் கோதாவில் அந்த வேடிக்கை கிடையாது. ஓங்கி உதைப்பார்கள், உள்ளங்கையால் அறைவார்கள், கையையோ காலையோ முறுக்கிப் பூட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் 15 புள்ளி. பிடியில் இருந்து தப்பக் கயிற்றைத் தொட்டால் ஒரு புள்ளி போச்சு! அடிபட்டு விழுந்தால் மூன்று புள்ளி!

பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். ஆனால் இங்கும் முடிவு பேசி வைத்ததுதான்.

அதில் குற்றம் இல்லை. மேடையில் ராஜா சாவது பொய் என்று தெரிந்தேதான் ஜனங்கள் அழுகிறார்கள். "மற்றவர்கள் ஆடுவது நாடகம், நாங்கள் மட்டுமே நிஜம்" என்று தம்பட்டம் அடித்தார்களே, அங்கேதான் வினை பிடித்தது. 1994-ல் 10 கோடி யென் பரிசு என்று சொல்லி, மற்றக் கம்பெனிகளின் முன்னணி வீரர்கள் ஐந்து பேருக்கு அழைப்பு அனுப்பினார்கள். ஒருவரும் வரவில்லை. வராதது இவர்களுடைய அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்!

அந்த அதிர்ஷ்டத்தோடு நிற்கவில்லை. பிரேசில் நாட்டின் ரிக்சன் கிரேசி, பேசி வைக்காத சண்டைகளில் வென்று பேர் வாங்கியவர். 1994 டிசம்பரில் அவரைத் தேடி யோஜி அன்ஜோ என்ற வீரர் லாஸ் ஏஞ்சல்சுக்கே போய்விட்டார். கூட ஜப்பானியப் பத்திரிகையாளர்கள் வேறு! அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பயிற்சிக்கூடத்தின் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது அன்ஜோவின் முகம் ரத்தக் களரி.

பழி வாங்க வேண்டியவர் கம்பெனியின் முதல் நட்சத்திரம் நொபுஹிகோ தகாடா. அவர் உடனே போகவில்லை. இதற்குள் கம்பெனிக்குப் பண முடை. 1995 அக்டோபர் 9-ந் தேதி, எந்த "நாடகக்காரர்"களை ஏளனம் செய்தார்களோ, அந்த நியூ ஜப்பான் கம்பெனியோடு டோக்கியோ டோமில் கைகோத்து நிகழ்ச்சி நடத்தினார்கள். 67 ஆயிரம் பேர் கூடியதாக அறிவிக்கப்பட்டது. கெய்ஜி முட்டோ, தகாடாவின் கால்களை 4 என்ற எழுத்துப் போல மடக்கிப் பூட்டினார். பழைய வேடிக்கை மல்யுத்தத்தின் பிடி அது! அதில் தகாடா தோல்வியை ஒப்புக்கொண்டார். கஜானா நிறைந்திருக்கலாம், விற்பதற்குச் சரக்கு இல்லை. அடுத்த ஆண்டே கடை மூடியது.

1997 அக்டோபர் 11-ந் தேதி தகாடா ஒரு வழியாக ரிக்சனைச் சந்தித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பூட்டில் சிக்கித் தோற்றார். மறு ஆண்டும் அதே கதை.

இதை வைத்து, அந்தக் கம்பெனியின் ஆட்கள் எல்லாரும் போலிகள் என்று சிலர் முடிவு கட்டினார்கள். அது அநியாயம். பேசி வைத்த முடிவுக்காக ஆடினாலும் அங்கே பட்ட அடியும், கற்ற பிடியும் பொய் இல்லை. இங்கிலாந்தின் பழைய மல்லர் பில்லி ராபின்சன் அங்கே வித்தை சொல்லிக்கொடுத்தவர்.

அந்தக் கோதாவில் 1993-ல் அறிமுகமான பையன் கசுஷி சகுராபா. கம்பெனி மூடிய பிறகு பேசி வைக்காத சண்டைக்குப் போனார். 2000-ம் ஆண்டு மே 1-ந் தேதி, அதே டோக்கியோ டோமில், ரிக்சனின் தம்பி ராய்ஸ் கிரேசியோடு மோதினார். 15 நிமிடச் சுற்றுகள் ஆறு. 90 நிமிடம் முடிந்ததும், ராய்சின் பக்கத்தில் இருந்து துண்டு பறந்து வந்து கோதாவில் விழுந்தது.