பழிக்கு இரண்டாம் பாகம் உண்டு

திரையும் வாழ்வும்

திரைப்படம் பார்ப்பதே தீது என்று கூறுவார் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர் அல்லோம். பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களுக்குத் திரைப்படம் ஓர் உறவினரைப்போல இருந்து வந்திருக்கிறது. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகுச் சாக்கும் சுக்குச் சாக்கும் சுமந்தவருக்கும், கோட்டைக் கொச்சியின் தோபி கானாவில் பகலெல்லாம் துணி வெளுத்தவருக்கும், மாலை வேளையில் தாய்மொழியைக் காதாரக் கேட்கும் வாய்ப்பை அது தந்தது. பிள்ளைகள் மலையாளப் பள்ளியிற் படித்தும் தமிழை மறவாதிருப்பதற்குத் திரைப்படமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், துணையாக வந்தவர் சொல்வதனைத்தும் அறிவுரை ஆகிவிடாது. எண்பதுகளில் வெளிவந்த பழிவாங்கும் கதைகள் இன்று கைபேசி வழியாக மீண்டும் நம் இல்லங்களுக்குள் புகுந்துள்ளன. தந்தை பார்த்துக் கைதட்டிய படத்தை மகன் பார்த்துக் கைதட்டுகிறான். "இவற்றைப் பிள்ளைகள் பார்க்கலாமா?" என்று வினவும் தாய்மாரும் உளர். ஆகலின், அவ்வகைப் படங்களுக்கெல்லாம் மூத்ததாகிய ஒன்றையும், அதன் இரண்டாம் பாகத்தையும் எடுத்துக்கொண்டு இத்திங்கள் சிறிது ஆராய்வோம்.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டெத் விஷ்' என்றொரு படம் வெளிவந்தது. 'சாவு வேட்கை' என்று அதனைத் தமிழில் கூறலாம். பிரையன் கார்ஃபீல்டு என்பவர் 1972-இல் எழுதிய புதினத்தைத் தழுவி மைக்கேல் வின்னர் அதனை இயக்கினார். தலைமை வேடம் ஏற்றவர் சார்லஸ் பிரான்சன். இவர் லித்துவேனியா நாட்டிலிருந்து குடியேறிய ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன்; இளமையில் தாமும் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். குடிபெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளை ஒருவர் உலகப் புகழ் பெற்றார் என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே.

கதை எளிது. நியூயார்க்கில் வாழும் கட்டடக்கலைஞர் ஒருவரின் மனைவியைக் கயவர் கொன்றுவிடுகின்றனர். மகள் கொடுமைக்கு ஆளாகி மனம் சிதைந்து போகிறாள். காவல்துறையால் குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அமைதியே உருவாக இருந்த அம்மனிதர் துப்பாக்கியை ஏந்தி, இரவில் தெருத்தெருவாகச் சென்று, வழிப்பறி செய்ய வருவோரைச் சுட்டுக் கொல்லுகிறார். நகர மக்கள் அவரைப் போற்றுகின்றனர். இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. அவர் குடும்பத்தைக் கெடுத்தவர்கள் இறுதிவரை அவர் கையில் அகப்படுவதே இல்லை. சுடப்பட்டவர் அனைவரும் வேறு மனிதர்கள்.

புதினத்தை எழுதிய கார்ஃபீல்டு இப்படத்தைக் கண்டு மகிழவில்லை. தனிமனிதன் தண்டனை வழங்கப் புறப்படுவது எத்தகைய மனநோய் என்று காட்டவே அவர் எழுதினார். திரையிலோ அந்நோயே வீரமாகக் கொண்டாடப்பட்டது. அதற்கு மறுமொழியாகவே 1975-இல் 'டெத் சென்டென்ஸ்' என்ற தொடர்ச்சிப் புதினத்தை வெளியிட்டார். திரையுலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. கேனன் நிறுவனம் தனியே ஒரு கதையைச் சமைத்து, அதே நடிகர், அதே இயக்குநரைக் கொண்டு, 1982-இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டது.

இரண்டாம் பாகத்தில் அம்மனிதர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வாழ்கிறார். மகள் மெல்ல மெல்லத் தேறி வருகிறாள். ஒரு நாள் ஐந்து கயவர் அவருடைய பணப்பையைப் பறித்து, அதிலிருந்த முகவரியைக் கொண்டு வீட்டுக்குள் நுழைகின்றனர். பணிப்பெண் கொல்லப்படுகிறாள், கடத்தப்பட்ட மகளும் உயிர் துறக்கிறாள். காவலர் வந்து அடையாளம் கேட்கும்போது, தந்தை அறிந்ததைக் கூறாமல் மறைத்துவிடுகிறார். பின்னர் ஐவரையும் ஒருவர்பின் ஒருவராகத் தேடிக் கொல்லுகிறார். அவர்களுள் ஒருவன் காவல்துறையிடம் பிடிபட்டு, வழக்கு நடந்து, மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறான். அங்கும் சென்று அவனைக் கொல்லுகிறார். உண்மையை அறிந்த பெண், அவரை மணக்க இருந்தவள், அவரை விட்டுப் பிரிந்து போகிறாள்.

நேயர்களே, இங்குத்தான் நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். முதற்பாகத்தின் துப்பாக்கி அக்குடும்பத்துக்குக் காப்பளித்திருந்தால், இரண்டாம் பாகத்துக்கு இடமே இருந்திராது. எஞ்சியிருந்த மகளையும் பலி கொடுத்தால் அன்றி அடுத்த படத்தை எடுக்க முடியாது என்ற நிலை உண்டாயிற்று. 1985-இல் மூன்றாம் பாகம், 1987-இல் நான்காம் பாகம், 1994-இல் ஐந்தாம் பாகம் எனத் தொடர் நீண்டது. ஒவ்வொன்றிலும் அவருக்கு அன்பர் எவரேனும் மாள்வர். அவரும் மீண்டும் துப்பாக்கி எடுப்பார். பழிவாங்குதல் அமைதியைத் தராது, அடுத்த பழியையே தரும் என்பதற்கு அறநூல் வேண்டுவதில்லை. அந்த ஐந்து படங்களின் வரிசையே சான்று. எடுத்தவர்கள் கூற எண்ணாத நீதியை அவர்களுடைய படங்கள் தாமே கூறிவிட்டன.

இவ்வலை நம் நாட்டுக் கரையையும் தொட்டது. 1984-இல் இந்தியில் ரவி சோப்ரா இயக்கிய 'ஆஜ் கி ஆவாஸ்' படத்தின் வழியாக அக்கதை வந்தது. அடுத்த ஆண்டே எஸ். ஏ. சந்திரசேகரன் அதனை 'நான் சிகப்பு மனிதன்' என்று தமிழில் எடுத்தார். ரஜினிகாந்த் அதில் ஒரு தமிழ்ப் பேராசிரியர். தமக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் இரவில் ராபின் ஹூட்டாக உலவித் தீயோரைக் கொல்லுகிறார். அறநூல் கற்பிக்கும் ஆசிரியர் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்தது அக்கதையின் துணிவு.

அதே இயக்குநர் 1981-இல் விஜயகாந்தைக் கொண்டு எடுத்த படம் 'சட்டம் ஒரு இருட்டறை'. அது 'அந்தா கானூன்' என்று 1983-இல் இந்திக்கும் சென்றது. படத்தின் பெயர் அறிஞர் அண்ணாவின் புகழ்பெற்ற கூற்றொன்றை நினைவூட்டுவது. சட்டத்தை இருட்டறை என்ற அவர், வழக்கறிஞரின் வாதத்தை அவ்வறைக்கு விளக்காகவும் கூறியிருந்தார். திரையுலகினர் இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கை விட்டுவிட்டனர் என்று நமக்குத் தோன்றுகிறது. 1996-இல் 'இந்தியன்' வந்தது. 28 ஆண்டுகள் கழித்து 2024-இல் அதற்கும் இரண்டாம் பாகம் வந்தது. முதற்பாகத்தில் கொல்லப்பட்ட ஊழல், இரண்டாம் பாகத்தில் முன்னிலும் கொழுத்து நிற்பதாகவே காட்ட வேண்டியதாயிற்று.

இத்தகைய படங்கள் மக்கள் மனத்தைக் கவர்வதற்குக் காரணம் இல்லாமற்போகவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஏழை காவல்நிலையத்துப் படியேற அஞ்சுகிறான். மொழியறியாத ஊரில் அவ்வச்சம் இருமடங்காகிறது. கூலியை இழந்தவனும் மகளின் துயரைக் கண்டவனும் திரையில் தீயவன் வீழும்போது தன் நெஞ்சின் சுமை குறைந்ததாக உணர்கிறான். அவ்வுணர்வை நாம் இகழோம்.

ஆனால் திரைக்கும் தெருவுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. திரையில், குற்றம் நம் கண்முன் நிகழ்கிறது. யார் செய்தார் என்பதை நாமே கண்ட சாட்சிகள். ஆகவே கதாநாயகன் சுடும்போது நமக்கு ஐயம் எழுவதில்லை. தெருவில் அவ்வாறு கண்டவர் எவர்? அங்கே இருப்பது ஒரு வதந்தி, ஓர் ஐயம், ஒரு முகச்சாயல், ஒரு வேற்றுமொழி.

2018-ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்த பாடத்தை மறத்தலாகாது. அவ்வாண்டு பிப்ரவரி 22 அன்று, அட்டப்பாடியில் மது என்னும் பழங்குடி இளைஞரை, உணவுப்பொருள் திருடினார் என்று கூறி ஒரு கூட்டம் பிடித்துக் கட்டி அடித்தது. அவர் உயிர் நீத்தார். அடித்தவருள் சிலர் அதனைக் கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டனர். அதே ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிப்போர் என்று எண்ணி ஊரார் தாக்கினர். மூதாட்டி ஒருவர் மாண்டார். அவர்கள் செய்த குற்றம் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே. அக்குடும்பத்தாருள் மலேசியாவிலிருந்து வந்தோரும் இருந்தனர். கடல்கடந்து சென்றும் குலதெய்வத்தை மறவாத தமிழர், தமிழ் மண்ணிலேயே அயலாராகக் கருதப்பட்டனர்.

ஆகவே, குடிபெயர்ந்தோராகிய நாம் இப்படங்களைப் பார்க்கும்போது ஒரு வினாவை எழுப்பிக்கொள்வது நலம். தெருவில் நீதி வழங்கத் தொடங்கினால், துப்பாக்கி ஏந்தியவரின் இடத்தில் நாம் இருப்போமா, அல்லது அதன் முனையில் இருப்போமா? வந்தேறியவன்மீதே முதலில் ஐயம் விழும் என்பது உலக வழக்கு.

இவ்வுண்மையைச் சிலப்பதிகாரம் என்றோ உரைத்துவிட்டது. கோவலன் மதுரைக்குப் புதியவன். புகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன். பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டு, ஆராயாமல் அவனைக் கொல்வித்தான் பாண்டியன். விசாரணையற்ற தண்டனைதான் அக்காப்பியத்தின் பெருங்குற்றம். கண்ணகி செய்தது யாது? அவள் நேரே அவைக்குச் சென்று, வழக்குரைத்து, சிலம்பை உடைத்து உள்ளிருந்த மாணிக்கத்தைச் சான்றாகக் காட்டினாள். மதுரை எரிந்தது அதன் பின்னரே. சான்று முதலில் வந்தது. சினம் அதன் பின் வந்தது. கொச்சிக்கு வடக்கே கொடுங்கல்லூரில் பகவதியைக் கண்ணகியாகவே எண்ணி வணங்குவோர் உளர். அங்குச் சென்று தொழும் நம் தாய்மார் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கலாம்.

நம் மட்டாஞ்சேரிக்கும் ஒரு வரலாறு உண்டு. மலையாளப் படங்கள் சிலவற்றைக் கண்டோர் இவ்வூரை அடியாட்களின் உறைவிடமாகவே எண்ணக்கூடும். அது முழு உண்மை அன்று. முன்னாளில் கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்றொரு முறை இருந்தது. வேலை தேடிக் கூடிய தொழிலாளர் நடுவே உலோக வில்லைகளை வீசுவர். முட்டிமோதி அவற்றைக் கைப்பற்றியவர்க்கே அன்று வேலை, மற்றவர்க்குப் பட்டினி. அக்கொடுமையை எதிர்த்துத் தொழிலாளர் சங்கமாய்த் திரண்டனர். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவலர் சுட்டனர், உயிர்கள் பலியாயின. ஆனால் பின்னர் சாப்பா முறை ஒழிந்தது. அதனை ஒழித்தவர் ஒரு தனி வீரர் அல்லர். பெயர் அறியப்படாத பல்லாயிரவர். அவ்வரலாற்றை ராஜீவ் ரவி 2023-இல் 'துறமுகம்' என்ற படமாக்கினார். பழிவாங்கும் படம் பார்த்த வீட்டில் இதனையும் ஒருமுறை பார்ப்பது தகும்.

சட்டத்தின் வழி நீண்டது; மெய்தான். மதுவின் வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். ஆயினும் அவருடைய தாயும் உடன்பிறந்தாளும் தளரவில்லை. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுகள் கடந்தன, ஆனால் அத்தீர்ப்பால் குற்றமற்றவர் எவரும் மாண்டிலர், அதற்குப் பழியாக இன்னொரு வீட்டில் விளக்கு அணையவும் இல்லை. அதற்கு இரண்டாம் பாகம் வேண்டுவதில்லை.

நம் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டுவன சில உள. குற்றம் எவ்வூரில் நிகழ்ந்தாலும் அருகிலுள்ள எந்தக் காவல்நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. கோவையில் நேர்ந்த இழப்புக்கு மட்டாஞ்சேரியிலேயே முறையிடலாம். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர்க்கு, வருமானம் எவ்வளவாயினும், வழக்கறிஞர் உதவி இலவசம். அதற்குரிய தொலைபேசி எண் 15100, அவசரத்துக்கு 112. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, பிறந்த இடத்தையோ மொழியையோ காரணமாகக் கொண்டு ஒருவரைக் கொன்றால், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கப் புதிய தண்டனைச் சட்டம் தனியே வகை செய்துள்ளது. குடிபெயர்ந்தோர்க்கு இது சிறு காப்பன்று.

எனவே, பிள்ளைகளிடமிருந்து படத்தைப் பறிக்க வேண்டுவதில்லை. உடன் அமர்ந்து பாருங்கள். முடிந்தபின் அவர்களை ஒன்று கேளுங்கள்: "அவன் சுட்ட ஆள் தவறான ஆளாக இருந்திருந்தால்?" இவ்வினாவுக்கு விடை தேடத் தொடங்கும் பிள்ளை, நாளை எந்தத் தெருவிலும் கூட்டத்தோடு கூடிக் கல்லெடுக்க மாட்டான், கூட்டத்தின் நடுவே அகப்பட்டவனுக்காக ஒரு சொல் சொல்லவும் அஞ்ச மாட்டான்.