ஏட்டையாவின் பூர்வீகம் லண்டன் இல்லை

பேச்சு போலீஸ் பக்கம் திரும்பினால் நம் ஊரில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று: "ஸ்காட்லாந்து யார்டுக்கு அடுத்தபடியா நம்ம தமிழ்நாடு போலீஸ்தான்." மற்றொன்றைப் பெரும்பாலும் வயதானவர்கள் சொல்வார்கள்: "வெள்ளைக்காரன் வந்துதான் திருட்டையும் வழிப்பறியையும் அடக்கினான். அதுக்கு முன்னால போலீஸ் ஏது?" இரண்டையும் சின்ன வயதிலிருந்து கேட்டு, நம்பியும் வந்தவன் நான். சென்னை மாகாணப் போலீஸின் கதையைப் படிக்கப் படிக்க இரண்டுமே தப்பு என்று தெரிந்தது. சும்மா விட்டுவிடக்கூடிய தப்பும் இல்லை. அடிபட்டவர்களை மறைத்துவிட்டு, அடித்த கைக்கு நற்சான்று கொடுக்கிற தப்பு அது.

முதலில், "அதற்கு முன்னால் போலீஸ் ஏது?" என்ற கேள்வி.

சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஊரைக் காக்கிற பொறுப்பு அது; அதற்காக ஊரார் கொடுக்கிற வரிக்கும் அதுதான் பெயர். புதுக்கோட்டைப் பக்கம் ஊர்ச்சபைகள் தங்கள் பாடிகாவல் உரிமையை அரையர்கள் என்ற உள்ளூர்த் தலைவர்களிடம் ஒப்படைத்த ஆவணங்கள் கல்லிலேயே நிற்கின்றன. பிற்காலத்தில் தென்பாண்டி நாட்டில் பாளையக்காரர்கள் பல ஊர்களைச் சேர்த்துக் காத்தது திசைகாவல். ஊருக்குள் காத்தது ஸ்தலக் காவல். அறுவடையில் காவல்காரனுக்கு ஒரு பங்கு உண்டு. பதிலுக்கு அவன்மீது ஒரு கட்டாயமும் இருந்தது: களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும். இன்றைக்குத் திருட்டுப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் ஸ்டேஷனுக்கு நடக்கிறவர்கள் இந்த விதியை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பார்க்கலாம்.

சென்னை நகரத்துக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் இதே முறையைத்தான் கைக்கொண்டது. கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரத்தின் காவல் பெத்தநாயக்கர் என்ற பரம்பரைக் காவல் தலைவரிடம் இருந்தது. அவருக்குக் கீழே தலையாரிகள். அவரும் களவு போனதற்கு ஈடு கட்டக் கடமைப்பட்டவர். ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கிற பெத்தநாயக்கன்பேட்டை அவர் பெயரைத்தான் சுமக்கிறது. போலீஸே இல்லாத ஊர் என்று சொல்லிக்கொண்டு, ஒரு போலீஸ்காரர் பெயரில் அமைந்த பேட்டை வழியாகத்தான் தினமும் போய்வருகிறோம்.

காவல் முறையை நான் பொற்காலமாக்க வரவில்லை. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமல் போகும். துப்புக்கூலி கொடுத்தால் அதே மாடு திரும்பி வரும். சாதி பலம் உள்ளவன் கையில் இருந்த அதிகாரம் அது. ஆனால் குறையுள்ள காவல் வேறு, காவலே இல்லை என்பது வேறு.

அடுத்தது, "வெள்ளைக்காரன் போலீஸ் கொண்டுவந்து ஒழுங்கு செய்தான்" என்ற வாதம். இதில் ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். பாளையக்காரர் போர்கள் முடிந்து, மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபரில். அதோடு கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, திசைகாவலும் போனது. 1802-ல் வங்காளத்து மாதிரியில் தரோகா என்ற போலீஸ் அதிகாரிகளை வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1816-ல், தாமஸ் மன்றோவின் யோசனைப்படி, போலீஸ் அதிகாரம் கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் கிராம முன்சீப்புக்கும் போனது. நாம் பெருமையாகச் சொல்கிற மாகாணப் போலீஸ் பிறந்தது 1859-ல். ஆக, புதிய போலீஸ் அகற்றியது பாளையக்காரரின் காவலை அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த கம்பெனியின் சொந்தப் போலீஸைத்தான்.

அந்தப் போலீஸ் எப்படி இருந்தது? கிஸ்தி வசூலிக்கிற சேவகனே திருடனையும் பிடிக்கிறவன். தாசில்தாரே வரி அதிகாரி, அவரே தாலுகா போலீஸின் தலைவர். வரி கட்ட முடியாத குடியானவனை யார் துன்புறுத்தினார்களோ, அவர்களிடமே போய்த்தான் அவன் புகார் சொல்லவேண்டும். 1854-ல் இந்தக் கொடுமை லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சானது. சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரை விசாரணைக்கு நியமித்தது. 1855-ல் வந்த அவர்கள் அறிக்கைதான் சித்திரவதைக் கமிஷன் அறிக்கை. பல நாள் நடந்து சென்னைக்கு வந்து சாட்சி சொன்னவர்கள் உண்டு. நேரிலும் கடிதத்திலும் வந்த முறையீடுகள் ஆயிரத்தைத் தாண்டின.

அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் இங்கிலீஷ் எழுத்தில் கிடக்கின்றன. ஒன்று கிட்டி. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு மரக்கட்டைகள். நடுவில் விரல்களை வைத்து மறுமுனையை அழுத்துவார்கள், வலி பொறுக்க முடியாமல் ஆள் கதறும்வரை. விரலோடு நிற்காது, தொடை, காது என்று போகும். மற்றொன்று அண்ணாந்தாள். மனிதனை வளைத்து, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, வெயிலில் நிறுத்துவது. சில சமயம் முதுகில் கல்லும் ஏற்றுவார்கள். சில ரூபாய் வரிப் பாக்கிக்காக இது நடந்தது. கார்ல் மார்க்ஸ் 1857-ல் நியூயார்க் பத்திரிகையில் இந்த அறிக்கையை வைத்து எழுதினார். கமிஷனோ பழியை உள்ளூர்ச் சிப்பந்திகள்மீது போட்டுவிட்டு, மேலே இருந்த வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் சம்மதம் இல்லை என்று முடித்துக்கொண்டது. அத்தனை பாக்கியும் கடைசியில் யார் கஜானாவுக்குப் போனது என்பதை நாம் கேட்கலாம்.

புதிய போலீஸ் பிறந்தது இந்த அவமானத்திலிருந்துதான். 1857 கலகத்தின் பயமும், பட்டாளச் செலவைக் குறைக்கும் ஆசையும் அதோடு சேர்ந்துகொண்டன. வரியிலிருந்து போலீஸைப் பிரித்தது நல்ல காரியம்; அதை மறுக்கமாட்டேன். ஆனால் சித்திரவதை அதோடு ஒழிந்தது என்பவர்கள் 1902-03-ல் கூடிய பிரேசர் கமிஷனின் அறிக்கையைப் பார்க்கட்டும். நாடு முழுக்கச் சுற்றிய அந்தக் கமிஷன், போலீஸ் ஊழல் நிறைந்தது, கொடுமை செய்வது என்று மக்கள் எண்ணுவதைப் பதிவு செய்தது. புதிய ஏற்பாடு தொடங்கி அப்போது நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இனி ஸ்காட்லாந்து யார்டுக்கு, அதாவது லண்டன் போலீஸுக்கு வருவோம். லண்டன் போலீஸை ராபர்ட் பீல் 1829-ல் அமைத்தார். பட்டாளத்தின் சிவப்பு நினைவுக்கு வரக்கூடாது என்று நீல உடுப்பு; கையில் தடி மட்டும்; தெருவில் நடந்து ரோந்து. அதே பிரிட்டிஷ் ஆட்சி அயர்லாந்துக்கு வேறொரு போலீஸை வைத்திருந்தது. கரும்பச்சை உடுப்பு, தோளில் துப்பாக்கி, குடியிருப்பு பாரக்ஸில். சொந்த மாவட்டத்தில் யாருக்கும் வேலை கிடையாது. டப்ளினில் ஒரே தலைமை. குத்தகை பாக்கி வைத்த குடியானவனை வீட்டைவிட்டு வெளியேற்றும்போது காவல் நிற்பது அதன் வேலைகளில் ஒன்று. இந்த மாதிரியை 1843-ல் பிரிட்டிஷ் தளபதி நேப்பியர் சிந்துவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து பம்பாய், அதன்பின் வில்லியம் ராபின்சன் தலைமையில் சென்னை.

நூலகம் போய்த்தான் இதைச் சரிபார்க்க வேண்டும் என்பதில்லை. பதவிப் பெயர்களே காட்டிக்கொடுக்கும். லண்டன் போலீஸின் தலைவர் கமிஷனர், அயர்லாந்தில் இன்ஸ்பெக்டர் ஜெனரல். கான்ஸ்டபிளுக்கு அடுத்த படி லண்டனில் சார்ஜன்ட். ஹெட் கான்ஸ்டபிள், சப்-இன்ஸ்பெக்டர் ஆகியவை ஐரிஷ் போலீஸின் பதவிகள். நம் கிராமத்தில் எல்லாரும் எழுந்து நின்று வணங்கிய 'ஏட்டையா' அந்த ஹெட் கான்ஸ்டபிள்தான். சென்னை நகரத்துக்கு மட்டும் கமிஷனர் வந்தார். லண்டன் சாயல் அந்த ஓர் இடத்தில் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். மாவட்டங்களில் பார்த்தால் போலீஸ் லைன், ஆயுதக் கிடங்கு, காலையில் கவாத்து, பக்கத்தில் ஆயுதப்படை மைதானம். உங்கள் மாவட்டத் தலைநகரில் இன்றும் இதே வரிசை இருக்கும். ஊர்மக்களோடு கலந்து வாழ்வதற்காக வகுத்த அமைப்பு அல்ல இது. ஊர்மக்களை அடக்கவேண்டி வந்தால் உடனே அணிவகுப்பதற்கான அமைப்பு.

கடைசியாக, 'ஒழுங்கு' யாருக்குக் கிடைத்தது? புதிய போலீஸ் வந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் காவல் கூலி நடந்துகொண்டுதான் இருந்தது. அதை எதிர்த்து 1890களில் ஊரார் தாங்களே 'பண்டு' சேர்த்து இறங்கினார்கள். கிராமத்தைக் காக்க முடியாத அந்தப் போலீஸுக்கு, ஒரு சாதியையே குற்றவாளி என்று எழுதிவைக்க மட்டும் முடிந்தது. 1911-ன் குற்றப்பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். காவல் தொழில் செய்துவந்த பிரமலைக் கள்ளர்களில் குற்றமே செய்யாதவனும் கைரேகை வைக்கவேண்டும், இரவில் ஊரைவிட்டுப் போக ராத்திரிச் சீட்டு வாங்கவேண்டும். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காவல் என்ற தொழிலைப் பறித்து, அந்தத் தொழிலைச் செய்தவர்களையே திருடர்கள் என்று பட்டியலிட்டு, பட்டியலை ஏற்காதவர்களைச் சுட்டது: இந்த மூன்றையும் தொடர்ச்சியாகப் பார்க்காமல் 'வெள்ளைக்காரன் கொடுத்த ஒழுங்கு' என்று யாரும் சொல்லக்கூடாது.

நம் போலீஸில் நேர்மையாக உழைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெருமைக்கு ஸ்காட்லாந்து யார்டின் பெயர் தேவையில்லை. அவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிற அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லது. சென்னை மாகாணம் கலைந்து, பெயர் தமிழ்நாடு ஆகி, எத்தனையோ ஆட்சிகள் மாறிவிட்டன. போலீஸை மாஜிஸ்திரேட்டின் கையில் இன்னும் திறமையான கருவியாக ஆக்குவதே நோக்கம் என்று முகவுரையில் எழுதிக்கொண்டு வந்த 1859-ன் 24-ஆம் சட்டம் மட்டும், 'தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம்' என்ற பெயரில் நம் சட்டப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது.