ஒன்று கூடினாலும் தப்பு

ஆபீஸ் நண்பரின் மனைவிக்கு மூன்றாவது முறையும் கரு கலைந்துவிட்டது. "மாடிப்படி ஏறினதாலதான்னு அம்மா சொல்றாங்க சார்" என்றார். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

நான் பி.காம். இதுவும் கணக்குதான். முட்டையில் 23 குரோமோசோம், விந்தணுவில் 23, ஆக மொத்தம் 46. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் கரு நிற்காது. முதல் மூன்று மாதத்தில் கலைகிறவற்றில் சுமார் பாதிக்கு இதுதான் காரணம். 16-ம் நம்பர் குரோமோசோம் மூன்றாக வருவது அடிக்கடி நடக்கிற தப்பு.

பெண்ணின் முட்டைகள், அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பாதிப் பிரிவில் நின்றுவிடுகின்றன. 35 வயதில் வெளிவரும் முட்டைக்கும் வயது 35! குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் அதற்குள் தளர்ந்துவிடுகிறது. பங்கு பிரிப்பதில் குளறுபடி. மாடிப்படி என்ன செய்யும், பாவம்!

அடிக்கடி கரு கலைகிற தம்பதிகளில் 100-க்கு 2 முதல் 5 ஜோடிகளில், யாராவது ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த ஒருவர் கணவனாகவும் இருக்கலாம். காரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

"எனக்கெதுக்கு சார் டெஸ்ட்?"

"ஜாயின்ட் அக்கவுன்ட்டுக்கு ஒரு கையெழுத்து போதுமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு போன் போட்டார். "நீ ஒண்ணும் தப்புப் பண்ணலைம்மா" என்றது மட்டும் என் காதில் விழுந்தது.