வாங்கியவன் உரிமை

தில்லையடியில் அயல்வீட்டுப் பையனின் பழைய பிளேஸ்டேஷன் 2, இயக்கியதும் நேரே அவன் விரும்பிய பட்டியலுக்குப் போகிறது. நினைவக அட்டையில் ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருளை ஏற்றி, முதலில் எது இயங்கவேண்டும் என்பதை அவனே தீர்மானித்திருக்கிறான். அட்டையைக் கழற்றினால் இயந்திரம் பழையபடி. இதைக் களவு என்கிறார் நண்பர் ஒருவர். களவு இறுவட்டுகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வேறு வழக்கு. ஆனால் 2010 ஏப்ரலில், பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் இயக்கும் வசதியை, விற்றபின் சோனியே இற்றைப்படுத்தலொன்றால் நீக்கியதே, அதற்கு என்ன பெயர்? விற்றவன் மாற்றலாமாம், வாங்கியவன் மாற்றக்கூடாதாம்! பிளேஸ்டேஷன் 2இன் 90000 வரிசையில் பிந்தி வந்தவற்றில் மெக்பூட் நுழையும் வழியும் அடைபட்டது. நல்லவேளை, பையனுடையது அதற்கு முந்தியது.