அலமீடாவில் ஒரு வீடு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாகாணத்தில் அலமீடா என்றொரு கவுண்டி உண்டு. நமது வழக்கில் ஜில்லா எனலாம். ஓக்லண்ட், பெர்க்லி, பிரிமாண்ட் முதலிய நகரங்கள் அதிலடங்கும். 2020-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அங்கு வசிக்கும் சுமார் 17 லட்சம் பேரில், எந்த ஓர் இனத்தாரும் பாதிக்கு மேல் இலர். பிரிமாண்டிலோ ஆசிய வம்சத்தினரே பெரும்பான்மையோர். இந்தியர் பலர் அங்கே சொந்த வீடுகளில் வாழ்கின்றனர்.

இதுகண்டு மகிழ்வோர் வைஷ்ணோ தாஸ் பகாயின் சரித்திரத்தையும் அறிதல் வேண்டும். 1915-ல் மனைவி மக்களுடன் அமெரிக்கா சென்ற அவர், பெர்க்லியில் ஒரு வீடு வாங்கினார். குடிபுகச் சென்றபோது அண்டை வீட்டார் அதைப் பூட்டி வைத்திருந்தனர். 1921-ல் அவர் பெற்ற பிரஜா உரிமையும் நிலைக்கவில்லை. இந்தியர் வெள்ளையரல்லர், ஆதலின் பிரஜைகளாகத் தகுதியற்றவர் என்று 1923-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1928-ல் பகாய் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே பெர்க்லி, 2020-ல் அவர் மனைவி கலா பகாயின் பெயரை ஒரு வீதிக்குச் சூட்டியது.

இம்மாறுதல் எளிதில் வந்ததன்று. வெள்ளையரல்லாதாருக்கு விற்கலாகாதென்னும் பத்திர நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் அமுல் நடத்தலாகாதென 1948-ல் தீர்ப்பாயிற்று. வீட்டு விற்பனையில் நிறபேதத்தைத் தடுக்க 1963-ல் கலிபோர்னியா செய்த சட்டத்தை, மறு வருஷமே வாக்காளர் பெருவாரியாக ரத்துச் செய்தனர். 1967-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ரத்து செல்லாதென்றது. 1968-ல் தேசம் முழுமைக்கும் சட்டம் பிறந்தது.

இன்று நிறம் கேட்பது குற்றம். ஆனால் விலை கேட்டவுடன் ஏழை திரும்பிவிடுகிறான். ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கே வீடு என்னும் விதியைப் பெர்க்லி 1916-லேயே வகுத்தது. வீடுகள் பெருகாமல் விலை ஏறியதற்கு இத்தகைய விதிகள் பெருங்காரணம். 2021-ல்தான் அதை ஒழிக்க நகரசபை தீர்மானித்தது. 1978-ல் ஜனவாக்கால் வந்த 13-வது பிரேரணையோ, வாங்கிய விலையில் நூற்றுக்கு 1 என வீட்டு வரிக்கு வரம்பிட்டு, அம்மதிப்பு வருஷத்துக்கு நூற்றுக்கு 2-க்கு மேல் ஏறாதெனவும் வகுத்தது. ஆகவே அடுத்தடுத்துள்ள ஒரேவித வீடுகளில் பழையவர் சொற்பமும் புதியவர் பன்மடங்கும் செலுத்துகின்றனர்.

முன்வந்தோருக்குச் சலுகை, பின்வந்தோருக்குச் சுமை என்னும் இம்முறை நீதியாகாது. அங்கு வீடு பெற்றுவிட்ட நம்மவர், எளியோருக்கு வீடு கட்டும் யோசனை தங்கள் தெருவுக்கு வரும்போது எப்பக்கம் நிற்பர்? பகாயின் பெயரை உச்சரிக்கும் உரிமை அந்த விடையைப் பொறுத்தது.