பழுதறிதலும் தமிழ்ப்பற்றும்

ஒரு மொழி வாழ்கின்றதா, அன்றி வழிபடப்படுகின்றதா என்பதை அறிய விழா மேடைகளை நாடவேண்டியதில்லை. அம்மொழியைப் பேசும் தொழிலாளி தன் தொழிலின் நுணுக்கங்களை அம்மொழியிலேயே கற்கவும் எழுதிவைக்கவும் இயலுமா என்று வினவினாற் போதும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினாவை எழுப்புவதற்கு, எம்மவர் 'பெக்கோ' என்று பொதுப்பட அழைக்கும் அகழ்பொறியே தக்க பொருளாகும்.

எமது மண்ணின் அண்மைக்கால வரலாற்றில் மண்ணையும் கல்லையும் அகழும் தொழிலுக்கு ஓர் இடமுண்டு. 1950இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990இல் போரினால் முடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இம்மண்ணின் சுண்ணக்கல்லை உண்டே வாழ்ந்தது. 2009இன் பின் வீதிகள் அகலிக்கப்பட்டன. 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. இடிபாடுகள் அகற்றப்பட்டு வீடுகள் எழுந்தன. இவற்றுக்கெல்லாம் உழைத்த பொறிகளுட் பெக்கோவும் ஒன்று. அது ஒருநாள் நின்றால் உரிமையாளனின் வருவாய் மட்டுமன்று, சாரதியின் கூலியும் மேசனின் கூலியும் சேர்ந்தே நிற்கின்றன.

பழைய அகழ்பொறியைப் பழுதுபார்க்க ஸ்பானரும் அனுபவமும் போதுமாயிருந்தன. இன்றைய பொறியிலோ எஞ்சினையும் எண்ணெய்ப் பம்பியையும் கணினிகள் ஆளுகின்றன. அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணரிகள் அளந்து சொல்ல, கணினிகள் இரு முறுக்கிய வயர்களின் வழியே தமக்குள் பேசிக்கொள்கின்றன. பழுது நேர்ந்தால் திரையில் ஓர் இலக்கம் தோன்றும். அவ்விலக்கமே விடை என்று கொள்வதுதான் எங்கும் காணப்படும் பெருந்தவறு.

அழுத்த உணரியின் வோல்ற்றளவு குறைவு என்று திரை கூறுவதாகக் கொள்வோம். உடனே புதிய உணரி வாங்கப்படுகின்றது, பழுதோ தீரவில்லை. ஏனெனில், இலக்கம் சுட்டியது ஒரு மின்சுற்றையே அன்றி ஓர் உறுப்பையன்று. உணரி கெட்டிருக்கலாம், வயர் உராய்ந்து உடலைத் தொட்டிருக்கலாம், உப்புக்காற்றினால் இணைப்பியின் ஊசி பச்சை பூத்திருக்கலாம், உணரிக்கு வரவேண்டிய 5 வோல்ற்று வராமலே இருக்கலாம். பல உணரிகள் ஒரே 5 வோல்ற்று வழியைப் பகிரும்போது, ஒன்றிலே குறுஞ்சுற்று ஏற்பட்டால் எல்லாமே பழுதென்று திரை கூறும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பவன், எதைக் கழற்றியதும் வோல்ற்றளவு மீளுகின்றதோ அங்கே குற்றவாளியைக் காண்கிறான்.

இன்னுமொன்று. தடித்த ஏர்த் வயரில் ஒரேயொரு செம்பிழை எஞ்சியிருந்தாலும் ஓம் மானி நல்ல வயர் என்றே காட்டும். ஸ்ராட்டரைச் சுழலவிட்டு, பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்குமிடையே வோல்ற்றளவை அளந்தாலே உண்மை வெளிப்படும். அங்கே அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால், குற்றம் ஸ்ராட்டரில் என்று முடிவுகட்டுமுன் அவ்வழியைச் சோதிக்கவேண்டும். அவ்வாறே கணினிகளை இணைக்கும் இரு வயர்களின் இரு அந்தங்களிலும் 120 ஓம் தடைகள் உள்ளன. மின்னைத் துண்டித்து அளந்தால் 60 ஓம் வரவேண்டும். 120 வந்தால் ஒரு தடை விடுபட்டது அல்லது வழி அறுந்தது; பூச்சியத்தை அண்மித்தால் வயர்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

இவையாவும் கைப்பழக்கம் மட்டுமல்ல, சிந்தனை. மலையிற் புகை கண்டு தீயை ஊகிப்பதை அளவையியல் வகுப்பிலே அனுமானம் என்று கற்கின்றோம். பணிமனையில் எண்ணெய் தோய்ந்த கையோடு ஒருவர் அதனையே செய்தால் அவரை வெறும் 'பாஸ்' என்று அழைத்து அப்பாற் போகின்றோம். வெள்ளைச் சட்டை உத்தியோகத்தையே கல்வியின் பயனாகக் கண்ட எமது சமூகத்தின் நோய் இது.

பொறியோடு வரும் பழுதறி கையேடு ஆங்கிலத்திலோ யப்பானிய மொழியிலோ இருக்கின்றது. பழகுநனோ தமிழிற் கற்றவன். எனவே அவன் குருவின் கையைப் பார்த்துக் கற்கிறான், காரணத்தைக் கற்பதில்லை. குரு மறையும்போது அறிவும் மறைகின்றது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சின்களை ஓடவைத்தும், சைக்கிள் தைனமோவில் வானொலியை இசைக்கவைத்தும் வாழ்ந்த மக்கள் நாம். அக்காலத்தைப் பற்றி உருக்கமான கவிதைகள் எழுதினோம். அந்த மெக்கானிக்குகள் கண்டறிந்த வழிகளை எத்தனை பேர் நூலாக எழுதினோம்?

தொழில்நுட்பத்துக்குத் தமிழ் போதாது என்பாருக்கு மானிப்பாயே மறுமொழி. 1864இலிருந்து அங்கே மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். மாணவர் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கடல் கடந்து வந்த ஒருவருக்கு மனித உடலின் நரம்புகளைத் தமிழில் விளக்க இயன்றதெனில், இயந்திரத்தின் வயர்களை விளக்க எமக்கு இயலாதா?

ஆங்கிலம் கற்றாற் போதுமே என்பர். கற்கட்டும், அதனை யாரும் தடுக்கவில்லை. ஆயினும் ஆங்கிலம் கைவரும்வரை ஒருவன் தன் தொழிலின் காரணத்தை அறியாதிருக்கவேண்டும் என்பது என்ன நீதி? வேறு சிலர் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தமிழ்ப் பெயர் சூட்டாமல் நூலெழுதக்கூடாது என்பர். பணிமனையில் எவரும் சொல்லாத சொல்லை ஆக்கி நூலை எவரும் படியாததாக்குவதும் தமிழ்த்தொண்டாகாது. ரிலே ரிலேயாகவே இருக்கட்டும். அது ஏன் இயங்கவில்லை என்று கண்டறியும் வழி தமிழில் இருக்கட்டும்.

இது பொறியியற் பீடத்தின் வேலை, கலைப்பீடத்துக்கு இங்கே என்ன அலுவல் என்று கேட்போரும் உளர். சுற்றுப்படத்தின் சரி பிழையைக் கிளிநொச்சியிலுள்ள பொறியியற் பீடத்தார் பார்த்துத் தரட்டும். ஆயின் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவதும், சொல்லைத் தெரிவதும், தெளிவான வாக்கியத்தில் ஒழுங்குபடுத்துவதும் எமது கல்வியின் பணியன்றி வேறு யாருடையது? ஆண்டுதோறும் மலர் வெளியிடும் எமது சங்கம், ஆண்டுக்கு ஒரு தொழிலாளரோடு அமர்ந்து அவர் அறிவை ஒரு சிறு கையேடாக ஆக்குக. முதலாவது கையேடு அகழ்பொறியின் மின்பழுதறிதல் பற்றியதாகட்டும். அதன் முகப்பிற் பேராசிரியரின் பெயரோடு அத்தொழிலாளியின் பெயரும் பொறிக்கப்படட்டும். அதனைச் செய்ய மறுத்துவிட்டுத் தமிழின் தொன்மை பற்றி மட்டும் பேசுவோமாயின், எமது பற்று வெறும் அலங்காரமே.